வியாழக்கிழமைக் கோளாறு

அண்ணியின் கார் அந்த மாதத்தில் ஐந்தாவது முறையாகப் பட்டறைக்குள் நுழைந்தபோது மெக்கானிக் இன்னொரு வண்டிக்கு அடியில் படுத்துச் சைலன்ஸர் மாட்டிக்கொண்டிருந்தான். சத்தத்தை வைத்தே யார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் உடனே எழுந்து வரவில்லை. வந்து என்ன சொல்வது?

சொந்தக்காரர் வண்டி என்றாலே மெக்கானிக்குகளுக்குத் தலைவலிதான். சரியானால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள், சரியாகாவிட்டால் ஒருவரும் மூட மாட்டார்கள். அதிலும் இந்தக் கோளாறு ஒரு தினுசானது. மெயின் ரோட்டில் ஏறுவதற்காக அழுத்தி மிதித்தால் வண்டி ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்கிறதாம். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி ஆகிவிடுகிறதாம். பிறகு தானாகவே பாய்கிறதாம். எல்லாம் அண்ணி சொல்லிக் கேட்டதுதான், அவன் ஒரு தடவைகூட அனுபவித்ததில்லை.

பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டான். பிளக் நான்கையும் மாற்றினான், காயிலை மாற்றினான், ஏர் ஃபில்டரை மாற்றினான், த்ராட்டிலைக் கழற்றிக் கழுவினான். ஸ்கேனரை மாட்டினால் அது ஒரு தப்பும் இல்லை என்று சாதித்தது. ஒவ்வொரு தடவையும் வழக்கம்போல மூலையில் இருக்கும் சிவப்புக் கேனிலிருந்து ஐந்து லிட்டர் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்த்தான். யாருடைய வண்டியாக இருந்தாலும் கேனை ஊற்றாமல் வெளியே எடுக்க மாட்டான். ஒருமுறை டேங்க் காய்ந்த வண்டியோடு மேம்பாலத்து உச்சியில் மாட்டிக்கொண்டு, பின்னால் வந்தவர்களிடமெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்படி. அவன் மிதித்தபோதெல்லாம் அண்ணியின் கார் சமர்த்தாகப் பறந்தது.

அண்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வாரத்தில் சனியும் ஞாயிறும் மட்டும்தான் அவன் காரைத் தொடுவான். சனிக்கிழமை தனக்கு நம்பிக்கையான பம்பில் டேங்கை நிரப்பி, துடைத்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து திருப்தியாகச் சாவியை மாட்டுவான். மீதி ஐந்து நாளும் அண்ணியுடையது. ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் ஆஸ்பத்திரி லேபில் அவள் காலை ஏழு மணிக்கு இருக்க வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதற்குத்தான். போன வருடம் அவளை லேபுக்குத் தலைவியாக்கினார்கள். மூன்று பஸ் மாறிப் போனால் எட்டரைக்குத்தான் போய்ச் சேரலாம். எட்டரைக்கு வருகிறவரை யாரும் தலைவியாக வைத்திருக்க மாட்டார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு கார் பக்கம் திரும்பியது.

"வியாழன், வெள்ளி ரெண்டு நாள்தாங்க இப்படிப் பண்ணுது. திங்கள், செவ்வாய் நல்லாத்தான் இருக்கு," என்றாள் அண்ணி.

"ஓகோ, காருக்குக் கிழமை வேற தெரியுமா? லீவு எப்போன்னும் கேட்டுச் சொல்லு," என்றான் அண்ணன். அண்ணனின் மகள் சிரித்தாள். மெக்கானிக்கும் சிரித்தான். "டேய், நீயே சொல்லு. வண்டில என்ன கோளாறு?" என்று அண்ணன் அவனைக் கேட்டான்.

அவன் வாயில் சோறு இருந்தது. அதை விழுங்குகிற நேரமாவது யோசித்திருக்கலாம். "வண்டில ஒண்ணும் இல்லண்ணே. கால்லதான். பயந்து பயந்து மிதிச்சா எந்த வண்டியும் திணறத்தான் செய்யும்."

அண்ணி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாளே அண்ணன் காரை விற்க ஆள் பார்த்துவிட்டான். பயப்படுகிறவள் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு வகுப்பில் நிம்மதியாக நிற்க முடியாது என்பது அவன் கட்சி.

இப்போது வெள்ளிக்கிழமை மதியம். மெக்கானிக் ஒருவழியாக வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். அண்ணி சாவியை நீட்டினாள்.

"கழுவி வைக்கச் சொன்னாரு. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கறவங்க வராங்களாம்."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குச் சங்கடமாக இருந்தது. சைலன்ஸருக்கு ஒரு கேஸ்கட் வேண்டியிருந்தது. அவனுடைய ஸ்கூட்டரோ மூன்று வாரமாகப் பிரித்துப் போட்டது போட்டபடி கிடந்தது. ஊரார் வண்டியைப் பார்க்கவே நேரம் சரியாக இருந்தது.

"அண்ணி, ஸ்பேர் கடை வரைக்கும் என்னை இறக்கி விடுறீங்களா?"

"நான் ஓட்டற வண்டில வர பயமில்லையா தம்பி?"

அவன் ஏறி உட்கார்ந்தான். ஐந்து தடவை வந்த வண்டி. ஒரு தடவைகூட அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேனும் மூலையிலேயே இருந்தது. அவன் எதிரே ரோட்டைப் பார்க்காமல் அவள் காலைப் பார்த்தான். கண்ணாடி பார்த்து, சிக்னல் போட்டு, ஒரே சீராக மிதிக்கிற கால். அவனுடையதைவிட நல்ல கால்.

மெயின் ரோட்டு முனையில் நிறுத்தி, இடைவெளிக்குக் காத்திருந்தாள். தூரத்தில் ஒரு லாரி. தாராளமாக நேரம் இருந்தது. மிதித்தாள். கார் கிளம்பி நடு ரோட்டுக்கு வந்தது, அங்கே செத்துப்போன மாதிரி நின்றது. ஒரு நொடிதான். லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. அண்ணி காலைத் தூக்கினாள், மெல்ல மறுபடி மிதித்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பாய்ந்தது.

மெக்கானிக் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். இதை அவள் வாரத்துக்கு இரண்டு நாள் தனியாக அனுபவித்திருக்கிறாள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

"இதைத்தான் தம்பி சொன்னேன்," என்றாள் அண்ணி, ரோட்டைப் பார்த்தபடி.

அப்போதுதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டரில் எரிந்துகொண்டிருந்த சின்ன மஞ்சள் விளக்கு அவன் கண்ணில் பட்டது.

"பெட்ரோல் எப்பவும் இவ்வளவு கம்மியாவா இருக்கும்?"

"சனிக்கிழமை போட்டது வெள்ளிக்கிழமை வேற எப்படி இருக்கும்? நடுவுல நான் போட்டா அந்தப் பம்புல தண்ணி கலக்கறான், இந்தப் பம்புல அளவு சரியில்லைன்னு உங்கண்ணன் அர்ச்சனை பண்ணுவாரு."

"வண்டியத் திருப்புங்க அண்ணி."

பட்டறையில் பின் சீட்டைத் தூக்கி, என்ஜினுக்குப் பெட்ரோலை அனுப்பும் பம்பை டேங்குக்குள்ளிருந்து வெளியே எடுத்தான். பம்ப் ஒரு பிளாஸ்டிக் குவளைக்குள் உட்கார்ந்திருக்கும். டேங்கில் குறைந்தாலும் குவளையில் பெட்ரோல் நிற்கும், வண்டி பாயும்போது மற்றதெல்லாம் பின்னால் ஒதுங்கினாலும் பம்புக்குப் பஞ்சம் வராது. இந்தக் குவளையின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். டேங்க் நிறைய இருக்கும்வரை விரிசலால் ஒரு கெடுதியும் இல்லை. குறைந்துவிட்டால் குவளை ஒழுகும், அழுத்தி மிதித்ததும் பம்ப் காற்றை உறிஞ்சும். அண்ணனின் சனிக்கிழமையும் இவனுடைய சிவப்புக் கேனும் சேர்ந்து ஒரு மாதமாக அதை ஒளித்து வைத்திருந்தன.

விரிசலில் விரலை வைத்து அண்ணியிடம் காட்டினான். அவள் வெகுநேரம் பார்த்தாள். கண் கலங்கியது, துடைத்துக்கொண்டாள்.

புதுக் குவளையை ஸ்பேர் கடைக்காரரே ஆள்மூலம் அனுப்பினார். மாட்டி முடித்ததும், விளக்கு எரிய எரிய, கேனைத் தொடாமல், அண்ணியையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தான். அதே முனையில் மூன்று முறை மிதித்தாள். மூன்று முறையும் கார் வெண்ணெய் மாதிரி போனது. அவன் போனை எடுத்து அண்ணனின் நம்பரைத் தேடினான்.

"போன்ல வேணாம்," என்றாள் அண்ணி. "அன்னிக்கு மேசைல வெச்சுத்தானே சொன்னீங்க? அங்கயே வந்து சொல்லுங்க."

சாயங்காலம் அண்ணன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, உடைந்த குவளையைப் பையிலிருந்து எடுத்து அண்ணன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கேனைப் பற்றி, சனிக்கிழமையைப் பற்றி, லாரியைப் பற்றி எல்லாம் சொன்னான்.

"கால்ல ஒண்ணும் இல்லண்ணே. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

அண்ணன் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கணக்கு தப்பிவிட்டால் அது எந்த வரியில் தப்பியது என்று தேடுகிற முகம்.

"கம்மியா இருக்கறப்பதான் வரும்னு யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா, அன்னிக்கே கண்டுபிடிச்சிருக்கலாமே?"

"அண்ணி சொன்னாங்க," என்றான் மெக்கானிக். "கிழமையோட சொன்னாங்க."

இந்தத் தடவை மகள் சிரிக்கவில்லை. அண்ணன் எழுந்து, வாங்க வருகிறவருக்குப் போன் பண்ண வராந்தாவுக்குப் போனான். அண்ணி ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் பெட்ரோல் நானே போட்டுக்கறேன்," என்றாள், வராந்தாவுக்கும் கேட்கிற மாதிரி.