இருபத்தேழாவது சம்பவம்

பார்கவியின் ஆய்வேட்டில் இருபத்தாறு சம்பவங்கள் இருந்தன. ஆப்கானிஸ்தானில் கனடாப் படையினர் உதவி கேட்டபோது, அருகில் முகாமிட்டிருந்த ஐரோப்பிய நேசப்படை வந்ததா, வரவில்லையா என்ற பட்டியல் அது. ஒவ்வொரு நாடும் தன் படைக்குத் தனி நிபந்தனை போட்டு அனுப்பியிருந்தது. ஒரு படை தன் மாகாணத்தைத் தாண்டாது. இன்னொன்று தலைநகரைக் கேட்காமல் முகாமை விட்டு நகராது. இந்த நிபந்தனைகள் களத்தில் என்ன செய்தன என்பதுதான் அவளுடைய கேள்வி. சென்னையிலிருந்து மொன்றியல் வந்து ஐந்து வருடமாகிவிட்டது. இந்த டிசம்பருக்குள், 2008 முடிவதற்குள், ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

நவம்பரில் இருபத்தேழாவது ஆளாக டனிஸ்ரன் கிடைத்தான். மன்னார்க் குடும்பம், இருபத்தைந்து வயது. கியூபெக் படைப்பிரிவோடு காந்தஹார் போய் அந்த வருடத் தொடக்கத்தில் திரும்பியவன். இப்போது டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை.

நகரின் சென்ட் லோரன்ட் பகுதியில் இருந்த அவன் வீட்டுக்கு அவள் போனபோது அவனுடைய அம்மா யோசெப்பின் கதவைத் திறந்தாள்.

"அவன் ஒரு இடத்தில இருந்து கதைக்க மாட்டான் பிள்ளை. காருக்குள்ள ஏறுங்கோ. ஓடிக்கொண்டிருந்தால்தான் வாய் திறப்பான்."

உண்மைதான். நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் டனிஸ்ரன் பேசினான். பாலங்களுக்கு அடியில் நுழையும்போதெல்லாம் சட்டென்று அடுத்த தடத்துக்கு மாறினான். பார்கவி ஒரு கையால் ஒலிப்பதிவுக் கருவியையும் மறு கையால் கதவுப் பிடியையும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கட வண்டிக்குக் கீழ குண்டு வெடிச்சது அக்கா. என்ர சிநேகிதன் கியோமுக்குக் கால் போயிட்டுது. ஐரோப்பாக்காரரின்ர முகாம் எட்டே கிலோமீற்றர். ரேடியோவில கேட்டம்."

"என்ன சொன்னாங்க?"

"தங்கட தலைநகரத்தைக் கேக்கவேணுமாம்."

"அப்புறம் வந்தாங்களா?"

அவன் கண்ணாடியைப் பார்த்தான். "வரேல்லை. ஒண்டரை மணித்தியாலம் கழிச்சு எங்கட ஹெலிகொப்டர்தான் வந்தது."

பார்கவிக்கு இத்தனை தெளிவான சாட்சி இதுவரை கிடைத்ததில்லை. அன்றே எழுதி, சரிபார்க்கச் சொல்லி அவனுக்கு அனுப்பினாள். பேராசிரியர் படித்துவிட்டு, அத்தியாயத்தை இதிலிருந்தே தொடங்கச் சொன்னார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் டனிஸ்ரன் பல்கலைக்கழகத்துக்கே வந்துவிட்டான். வேலை உடுப்பு மாற்றவில்லை. நூலக வாசலில் அங்குமிங்கும் நடந்தபடி நின்றான்.

"கோழையள் எண்டு எழுதியிருக்கிறியள்."

"அப்படி எழுதல டனிஸ்ரன். வரலைன்னுதான் எழுதியிருக்கேன். நீங்க சொன்னதுதான்."

"வாசிக்கிறவனுக்கு அப்படித்தான் விளங்கும்." மூச்சு வாங்கினான். "அவை வந்தவை அக்கா. ஒரு டொக்டர். ரெண்டு வண்டி. வாசல் காவல்காரரிட்ட, பயிற்சி ஓட்டம் எண்டு பொய் சொல்லிப்போட்டு வந்தவர். தலைநகரம் கூடாது எண்டு சொன்னாப்பிறகு. எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சையும் அவருக்குத் தெரிஞ்ச இங்கிலிசையும் வச்சுத்தான் கதைச்சம். கியோமின்ர ரத்தத்தை நிப்பாட்டினது அவர்தான். எங்கட ஹெலிகொப்டர்ச் சத்தம் கேக்க, திரும்பிப் போயிட்டார். யாருக்கும் சொல்லமாட்டம் எண்டு நாங்கள் அஞ்சு பேரும் சத்தியம் பண்ணிக் குடுத்தனாங்கள்."

"அறிக்கையில?"

"வரேல்லை எண்டுதான் எழுதிக் குடுத்தம். கியோம் இங்க பக்கத்தில லவால்லதான் இருக்கிறான். போன மாசம் மகள் பிறந்தது. அந்த மனுசனைக் கோழை எண்டு ஒரு புத்தகத்தில வாசிக்க என்னால ஏலாது. உண்மையை எழுதினாலும் அவருக்கு வேலை போயிடும்."

"நான் என்ன செய்யணும்?"

"தெரியாது அக்கா. அதுதான் நாலு நாளா நித்திரையில்லை."

அவன் போன பிறகு பார்கவியாலும் உட்கார முடியவில்லை. இந்தச் சம்பவத்தை விட்டுவிடலாமா என்று அவள் கேட்டதற்கு, நாட்டையும் தேதியையும் மாற்றி எழுதலாமே என்றார் பேராசிரியர். அந்த எட்டுக் கிலோமீட்டருக்குள் இருந்தது ஒரே முகாம். எப்படி மாற்றினாலும் அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்துவிடும்.

அன்று சாயங்காலமே அந்தப் பக்கங்களை அழித்தாள். ஒலிப்பதிவையும் அழித்துவிட்டு டனிஸ்ரனுக்குத் தகவல் சொன்னாள். அவன் "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொன்னான். பின்னணியில் விமானச் சத்தம் கேட்டது.

ஆனால் மீதி இருபத்தாறும் அவளை விடவில்லை. அவற்றில் பத்தொன்பதில் 'வரவில்லை' என்று அவள் கைப்பட எழுதியிருந்தாள். எல்லாம் அறிக்கைகளையும், அவற்றை எழுதியவர்கள் அவளிடம் சொன்னதையும் நம்பி எழுதியவை. இன்னும் எத்தனை அறிக்கைகளை யாரையோ காப்பாற்ற எழுதியிருப்பார்கள்? மூன்று நாள் அந்தக் கேள்வியோடு அலைந்தாள். பிறகு ஆய்வேட்டை டிசம்பரில் தர முடியாது என்று பேராசிரியரிடம் சொன்னாள். அவர் கோபத்தில் அடுத்த சந்திப்பையே ரத்து செய்தார்.

பார்கவி பட்டியலின் முதல் பெயரிலிருந்து திரும்பவும் தொலைபேச ஆரம்பித்தாள். முதல் இருவரும் சொன்னதையே சொன்னார்கள். மூன்றாமவர் ஓய்வுபெற்ற சார்ஜன்ட். உண்மையிலேயே யாரும் வரவில்லையா என்று கேட்டதும் மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"போனில் வேண்டாம். நேரில் வா" என்றார் பிரெஞ்சில்.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தாள்.