வேப்பமரத்தடிச் செருப்பு

"மேல யாரும் இல்லைங்கம்மா, நான் பாத்துட்டுத்தானே—"

"என் வீட்டுக்காரர் இருக்காருன்னு நான் சொல்றேன், நீ பாத்தேன் பாத்தேன்னு—"

"செருப்பு இல்லையே!" என்றாள் ஆடு மேய்க்கும் வள்ளிக்கண்ணு.

"செருப்ப வச்சா ஆளு இருக்கா இல்லையான்னு சொல்லுவ?"

"பின்ன? மலைக்குப் போறவங்க இந்த வேப்பமரத்தடியில கழட்டிப் போட்டுட்டுத்தான் ஏறுவாங்க. மரத்தடி காலின்னா மலை காலி. உடனே பச்சைக்கொடி ஏத்திருவேன். அதப் பாத்துத்தான் அந்தப் பக்கம் குவாரியில வெடி வைப்பாங்க."

ரோசரி மலையை அண்ணாந்து பார்த்தாள். பாலக்கரையிலிருந்து பஸ் மாறி வந்து ஏறிய மலை. முழங்கால் வலியென்று அவள் முன்னால் இறங்கிவிட்டாள். இடிந்த கோட்டையை இன்னும் நாலு படம் பிடித்துவிட்டு வருகிறேன் என்று அற்புதசாமி மேலேயே நின்றுவிட்டார்.

தோள்பையைத் திறந்தாள். செய்தித்தாளில் சுற்றிய அவருடைய புதுச் செருப்பு. கோயில் திருவிழாவில் ஒரு ஜோடி பறிகொடுத்த நாளிலிருந்து எங்கும் வெளியே விடமாட்டார்.

"அடக் கொடுமையே! பைக்குள்ளயா வச்சிருந்தீங்க?" வள்ளிக்கண்ணு ஆடுகளை விட்டுவிட்டுக் ஏற்றியிருந்த கொடியை இறக்கக் கம்பத்துக்கு ஓடினாள். முடிச்சில் கை வைத்தபோதே மலைக்குப் பின்னால் சங்கு ஊதியது.

"முதல் சங்கு. இனிமே எல்லாரும் மறைவுக்குப் போயிருவாங்க, கொடிய எவனும் பாக்கமாட்டான். மூணாவதுக்கு வெடி. கல்லு கோட்டை வரைக்கும் தெறிக்கும்மா! சங்கு கேட்டா ஓடியாந்துருவாருல்ல?"

ரோசரி பைக்குள் போனைத் தேடினாள். முப்பத்தாறு வருடம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சங்குக்குப் போய், சங்குக்குச் சாப்பிட்ட மனிதர். ரிட்டயர் ஆன பிறகும் எங்கே சங்கு கேட்டாலும் சம்மணம் போட்டு டிபன் பாக்ஸைத் திறந்துவிடுவார். எலுமிச்சம்பழச் சாதம் அவரிடம்தான் இருந்தது.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது.

இரண்டாவது சங்கு.

"மாதாவே..." செருப்பைக் கையில் பிடித்தபடியே படியேறினாள். நாலாவது படியில் முழங்கால் மடங்க மறுத்தது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, வாழ்நாளில் கத்தாத கத்தலாகக் கத்தினாள்:

"ஏங்க, எந்திரிச்சு ஓடியாங்க! அது நம்ம பொன்மலைச் சங்கு இல்லைங்க!"