பன்னிரண்டு சுற்று

இசைத்தட்டு ஆடுகிறது என்று முதலில் கண்டுபிடித்தது என் காது அல்ல, கண். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். லென்ஸின் மையம் கண்ணின் மையத்திலிருந்து கொஞ்சம் விலகினால் போதும், மறுநாளே தலைவலி என்று கடை வாசலில் வந்து நிற்பார்கள். பதினோரு வருடமாக மையம் பார்த்தே பிழைக்கிறேன். சுழல்கிற வட்டம் நடுவில் இருக்கிறதா இல்லையா என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அன்று அக்கா வீட்டு முன்னறையில் அக்கா, அத்தான், நான் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அக்காவின் முதல் இசைத்தட்டு முந்நூறு பிரதி, ஆறு பெட்டிகளில், காலையில்தான் வந்து இறங்கியிருந்தது. முதல் பக்கம் ஓடியது. ஓட ஓட, ஊசியைத் தாங்குகிற கை ஒவ்வொரு சுற்றுக்கும் இடமும் வலமுமாக அசைந்தது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

அக்கா வயலின் டீச்சர். இருபது வருடத்தில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாளோ, தான் வாசித்ததை ஒருமுறைகூடப் பதிவு செய்ததில்லை. நான்கு வருடம் நச்சரித்து நான்தான் சம்மதிக்க வைத்தேன். விடுமுறை நாளில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் பதிவு நடந்தது. வாசல் கதவுக்கு நான் காவல். யாரும் உள்ளே வரக் கூடாது, நானும் வரக் கூடாது என்பது அக்கா போட்ட நிபந்தனை. ஒழுங்காகத்தான் காவல் காத்தேன். ஒரே ஒருமுறை, பொறுக்க மாட்டாமல், சத்தமில்லாமல் கதவை விரலளவு திறந்து பார்த்துவிட்டு மூடினேன். வாசித்து முடித்ததும் பதிவுக்காரர் போட்டுக் காட்டவா என்றார். "வாசிச்சவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அக்கா வயலினைப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

முதல் பக்கத்தின் கடைசியில் ஒரே ஒரு சுரம் வரும். ஒரே வில் இழுப்பில் இருபத்திரண்டு விநாடி. அந்தச் சுரத்துக்காகத்தான் நான் நான்கு வருடம் அவள் பின்னால் அலைந்தேன். அது வந்தது. வந்து, வண்டியில் போகிறவர் பாடுவதுபோல மேலும் கீழுமாக ஏறி இறங்கியது.

"நிறுத்து" என்றாள் அக்கா.

அத்தான் ஊசியைத் தூக்கினார்.

"இது நான் இல்ல."

"உனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுது போல" என்று அத்தான் சமாதானத்துக்கு ஆரம்பித்தார்.

"என் கிட்ட படிக்கிற பிள்ளை இப்படி வாசிச்சா எழுந்து வெளிய போகச் சொல்வேன்." அக்கா என்னைப் பார்த்தாள். "உனக்காக ஒத்துக்கிட்டேன்டி. இன்னொரு தடவ வேணா அடிச்சுப் பாரு. அதுலயும் இது நான் இல்லன்னா விட்டுடு. அப்புறம் என்னை மைக் முன்னாடி கூப்பிடாத."

அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தட்டை அச்சடித்த ஆலைக்கு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன். "விலகல் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது" என்று ஒரு வரியில் பதில் வந்தது. போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினேன். பாதியில் அத்தான் என் கையிலிருந்து போனை வாங்கி, "வணக்கம்ங்க, வச்சிடறேன்" என்று வைத்துவிட்டார்.

"வக்கீலம்மா, கத்துறதுல தட்டு நேராகாது. வேற இடம் பாப்போம்" என்றார். நான் எதற்கும் வாதாடுவேன் என்பதால் அவர் எனக்கு வைத்த பெயர் அது.

அத்தான் பேக்கரி வேன் ஓட்டுகிறவர். அவருடைய விடுமுறை நாளில் ரொட்டி வாசனையோடு கிளம்பினோம். விசாரித்ததில் தட்டு அச்சடிக்கிற ஆலைகள் மூன்று, ஒரு நாளில் போய்வருகிற தூரத்தில் இருந்தன. எங்கே போனாலும் ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் கடையில் தப்பாக வெட்டிய லென்ஸைப் போட ஒரு டப்பா உண்டு. அது நிறைய நிறையத்தான் முதலாளிக்கு எங்கள் மேல் நம்பிக்கை வரும். தப்பே நடக்கவில்லை என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

முதல் ஆலையில் கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, டை கட்டிய மேலாளர். பளபளவென்று ஒரு தட்டைக் கையில் கொடுத்தார்.

"இது இருக்கட்டும். நீங்க வேண்டாம்னு ஒதுக்கினதுல நாலு காட்டுங்க" என்றேன்.

"அப்படி எதுவும் நம்ம கிட்ட கிடையாதுங்க. வர்றதெல்லாம் நல்லதுதான்."

அத்தான் என் முழங்கையைத் தொட்டு எழுந்திருக்கச் சொன்னார். நான் ஏதாவது சொல்வதற்குள் வேனில் ஏற்றிவிட்டார்.

இரண்டாவது ஆலையில் வேலை பறந்தது. சூடான பிளாஸ்டிக் உருண்டை இரண்டு அச்சுக்கு நடுவே நசுங்கித் தட்டாக வெளியே வரும். ஓரம் வெட்டுவார்கள். ஆறுவதற்குள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிடுவார்கள். மேலிருந்த தட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். அது டக் டக் என்று ஆடியது.

"ஆறினா சரியாயிடும்" என்றார் அங்கிருந்தவர்.

"சூடான ரொட்டியவே நான் அப்படி அடுக்க மாட்டேங்க" என்றார் அத்தான். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

மூன்றாவது ஆலை பஸ் பணிமனைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை, இரண்டே இயந்திரம். ஒதுக்கியதைக் காட்டுங்கள் என்றதும் இயந்திரக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், "அதெல்லாம் தட்டக் கேட்டுப்பாக்கிற அம்மாவோட அறையில இருக்குங்க, வாங்க" என்று கூட்டிப் போனார்.

சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு ரெக்கார்டு பிளேயர், பெரிய ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிய ஒரு அம்மா. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கத் தட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு காகிதத் துண்டு, அதில் குண்டு குண்டான கையெழுத்து. வளைவு. தூசி. துளை. ஒன்றில், "அச்சில் பிளாஸ்டிக் சரியாக நிரம்பவில்லை, துணி கிழிகிற சத்தம்." எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒவ்வொன்றாக உருவி உருவிப் பார்த்தேன்.

"அத்தான், இங்க பாருங்க, எவ்ளோ தப்பு!"

"துணிக்கடைக்குள்ள விட்ட மாதிரி ஆயிட்டா" என்று அத்தான் அந்த அம்மாவிடம் சொன்னார்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க கொண்டுவந்ததக் குடுங்க" என்று கை நீட்டினார்.

முந்நூறு பிரதி, கடைசி நீளச் சுரம், நான்கு பக்கக் கடிதம் என்று நான் புலம்பப் புலம்ப, அக்காவின் தட்டைப் போட்டார். ஊசிக் கை ஆடுவதைப் பார்த்தார். "நடுத் துளை தள்ளியிருக்கு."

"அரை மில்லிமீட்டர்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உருப்பெருக்கியும் அளவுகோலும் வைத்து அளந்தார். "அரைதான். அச்சுத் தகட்டுலயே துளைய மாத்திப் போட்டிருக்காங்க. முந்நூறும் இதே கதைதான். அதுலயும் உள் பக்கம் போகப் போக வட்டம் சின்னதாகுது இல்லையா, அதே அரை மில்லிமீட்டர் அங்க ரெண்டு பங்கா தெரியும். உங்க நீளமான சுரம் கடைசியில மாட்டிக்கிச்சு. ஒரு சுற்றுக்கு ஒரு ஆட்டம், பன்னிரண்டு சுற்றுக்குப் பன்னிரண்டு."

பிறகு அவர் செய்ததைப் பார்த்து நான் அலறிவிட்டேன். மெல்லிய உருண்டை அரம் ஒன்றை எடுத்துத் தட்டின் துளைக்குள் விட்டுச் சுரண்டினார். துளை பெரிதானது. தட்டைச் சுழலவிட்டு, ஊசியை வைத்து, தட்டின் விளிம்பை ஒரு விரலால் லேசாகத் தட்டினார். மறுபடி ஒரு தட்டல். இன்னும் ஒன்று. ஊசிக் கை அசைவது குறைந்து குறைந்து அப்படியே நின்றுவிட்டது.

"இப்பக் கேளுங்க" என்று ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டார்.

சுரம் வந்தது. நேராக வந்தது. அந்தத் தகரக் கூரைக்குக் கீழே, இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, அக்கா எழுந்து வந்து நின்றதுபோல இருந்தது. நான் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி அதிகம் என்றார்.

"இங்கதான்! இங்கதான் அடிக்கிறோம்!" என்று கத்தினேன்.

"அவசரப்படாதீங்க" என்றார் அந்த அம்மா. "ஏழாவது சுற்றுல ஒரு இடம் இருக்கு."

மறுபடி போட்டார். எனக்குக் கேட்கவில்லை. ஹெட்போனை என் தலையில் மாட்டி, அந்த இடம் வரும்போது விரலைத் தூக்கினார். கேட்டது. ஒரு கணம் சுரம் கொஞ்சம் இறங்கி, உடனே தன்னைச் சரிசெய்துகொண்டது.

"இதுவும் துளைதானே?"

"துளைன்னா ஒவ்வொரு சுற்றுக்கும் வரும். இது ஒரே தடவ. தட்டுல இல்ல, வாசிச்ச கையில."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க அக்கா கையா? எங்க அக்கா கையப் பத்தி உங்களுக்கு என்னங்க தெரியும்? இருபது வருஷமா..."

"வக்கீலம்மா" என்றார் அத்தான்.

அந்த அம்மா என் போனில் இருந்த மூலப் பதிவைப் போடச் சொன்னார். ஹெட்போனோடு கேட்டேன். அதே இடம், அதே இறக்கம். பஸ்ஸில் போகும்போது நூறு தடவையாவது கேட்டிருப்பேன், ஒருமுறைகூட என் காதில் விழவில்லை.

"தட்ட நேரா அடிச்சுத் தருவேன்" என்றார் அவர். "இத நேராக்க என்னால முடியாது. இதச் சொல்லாம ஆர்டர் வாங்கினா, நாளைக்கு நீங்க எனக்கும் நாலு பக்கம் எழுதுவீங்க. அக்கா கிட்ட கேட்டுட்டு வாங்க."

திரும்பும் வழியில் வீடு நெருங்கும்போது, "அத்தான், அக்கா கிட்ட நீங்களே சொல்லிடுங்களேன்" என்றேன்.

"நான் வண்டி மட்டும்தான் ஓட்டுவேன்" என்றார் அவர்.

சொல்லவில்லை. கோழைத்தனம்தான். ஆர்டர் அப்புறம், மாதிரித் தட்டு ஒன்று மட்டும் அடியுங்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அது முதலில் வரட்டும், தட்டு நேராக ஓடுவதைப் பார்த்தால் அக்காவின் மனசு குளிர்ந்திருக்கும், அப்போது சொல்லலாம் என்று கணக்குப் போட்டேன். மூன்று வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். "முதல் மாதிரிய நானே ஒதுக்கிட்டேன், ரெண்டாம் பக்கத்துல தூசி. அடுத்தது நல்லா வந்திருக்கு, அனுப்பறேன்." எனக்குச் சிறகு முளைத்தது. தூசிக்கே ஒதுக்குகிற ஆள்!

மறுபடி அதே முன்னறை. தட்டு சுழன்றது. ஊசிக் கை அசையவே இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பாட்டுக்குப் பாட்டு அவள் முகம் விரிந்துகொண்டே போனது. அத்தான் எனக்குக் கட்டை விரலைக் காட்டினார். கடைசிச் சுரம் வந்தது. நான் சுற்றுகளை எண்ணினேன். ஐந்து. ஆறு. ஏழு. அக்காவின் புருவம் ஏறியது.

ஊசி நின்றதும் கண்ணைத் திறந்தாள். "நடுவுல ஒரு இடத்துல இறங்குச்சே. அது தட்டா, நானா?"

தட்டு என்று சொல்வது எவ்வளவு சுலபம்! இன்னொரு ஆலை, இன்னொரு கடிதம் என்று ஆறு மாதம் ஓட்டியிருக்கலாம். அந்த அம்மாவின் அலமாரியில் அக்காவின் தட்டும் ஒரு பொய்த் துண்டோடு போய் உட்கார்ந்திருக்கும்.

"நீதான்க்கா" என்றேன். "தட்டுல ஒரு குறையும் இல்ல. அங்க கேட்டுப்பாக்கிற அம்மா முதல் நாளே சொன்னாங்க. உன் கிட்ட சொல்ல எனக்கு பயமா இருந்துச்சு."

அக்கா எழுந்து போய்த் தானே ஊசியை எடுத்து வைத்து அந்தச் சுரத்தைக் கேட்டாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவை அந்த இடம் வந்ததும் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறி எழுந்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லடி, நீ! அன்னிக்கு நூலகத்துல கதவு திறந்துச்சு. திறந்த இடுக்குல ஒரு மூக்கு மட்டும் தெரிஞ்சுது. வேற ஒண்ணும் இல்ல, வெறும் மூக்கு! பாதி வில்லுல இருக்கேன், சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிக்கிட்டேன். அதுதான் இது."

அத்தான் என் மூக்கைப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் அதை மூடிக்கொண்டேன். மாதக்கணக்காக உலகத்தையே குற்றம் சொல்லிக்கொண்டு திரிந்தது இந்த மூக்குத்தான்.

"மறுபடி வாசிச்சுப் பதிவு பண்ணிக்கலாம்க்கா" என்றேன் கைக்குள்ளிருந்து.

"எதுக்கு?" அக்கா தட்டை எடுத்து உறையில் போட்டாள். "இது நான்தான். இதையே அடிக்கச் சொல்லு."

அங்கிருந்தே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். சந்தோஷத்தில் குழறிக் குழறி முழுக் கதையையும் கொட்டினேன். அவர் உம் கொட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப ஓகே. மாதிரியத் திருப்பி அனுப்புங்க, அதோட ஒப்பிட்டுத்தான் மத்ததக் கேப்பேன்" என்று வைத்துவிட்டார்.

முந்நூறும் வந்து சேர்ந்தபோது மேல் பெட்டியில் அந்த மாதிரித் தட்டும் இருந்தது. அதன் உறையில் ஒரு காகிதத் துண்டு, அதே குண்டு குண்டான கையெழுத்து: "ஏழாவது சுற்று, மூக்கு. ஒதுக்க வேண்டாம்."