மூட்டை தூக்கிய கழுத்து

செமஸ்டர் தேர்வு எழுதிக்கொண்டிருந்தபோது அமலாவின் வலது கையில் இரண்டு விரல்கள் மரத்துப்போயின. பேனா நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவளுக்குப் பிடரியிலிருந்து தோள்பட்டை வரை வெட்டி இழுத்தது. மீதிப் பக்கங்களை எழுதாமலே தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஓமந்தூரிலிருந்து திண்டிவனத்துக்குப் போய் பி.காம் படிக்கிறவள் அவள். அப்பா இல்லை. அம்மா ஜெயம் கூலி வேலைக்குப் போய்த்தான் குடும்பம் நடந்தது. விரல் மரத்த சேதி கேட்டதும் ஜெயம் அன்றைய வேலையை விட்டுவிட்டு மகளை விழுப்புரத்தில் ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் கலையரசி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"கழுத்தெலும்பு லேசா வளைஞ்சி இருக்கணும். உனக்குக் குச்சி மாதிரி நிக்குது. இந்த வயசுல இப்படி ஆகக் கூடாது. பாரம் ஏதாவது தூக்குறியா?"

அமலாவின் மடியில், துப்பட்டாவுக்கு அடியில், போன் இருந்தது. வெளியே காத்திருந்த நேரமெல்லாம் தலையைக் கவிழ்த்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அதுதான், சாப்பிடும்போது அதுதான், பாயில் ஒருக்களித்துப் படுத்த பிறகும் அதுதான். கழுத்து ஏன் வலிக்கிறது என்று அவளுக்கு ஓரளவு தெரியும். சொன்னால் அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிடுவாள்.

"மல்லாட்ட மூட்ட தூக்கினேன் மேடம்," என்றாள்.

அது முழுப் பொய் இல்லை. போன வேர்க்கடலை அறுவடையில் ஆள் கிடைக்காமல், லீவு நாளில் அம்மாவோடு போய்ச் சில மூட்டைகளை வண்டி வரை தூக்கியிருந்தாள்.

டாக்டர் ஜெயத்தின் பக்கம் திரும்பினார். "படிக்கிற பொண்ண மூட்டை தூக்க விடுவீங்களாம்மா? நாளைக்குக் கை வராமப் போச்சின்னா யாரு எழுதுவாங்க, நீங்களா?"

ஜெயம் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றாள். "தப்புதாங்க டாக்டரம்மா. புத்தி இல்லாம கூட்டிக்கினு போயிட்டேங்க. இனிமே விடமாட்டேங்க."

அமலா தரையைப் பார்த்தாள். இப்போது சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் அமலா குடத்தைத் தொடக்கூட ஜெயம் விடவில்லை. தண்ணீர் எடுத்தாள், துணி துவைத்தாள், பிறகு வேலைக்கு ஓடினாள். மகளின் காலேஜ் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். அங்கே நின்ற, மகளோடு படிக்கும் பானுப்ரியாவிடம், "பஸ்ல எடம் கெடச்சா இவள குந்த வைம்மா. கழுத்து எலும்பு போயிடிச்சி. நான்தான் மூட்ட தூக்க வச்சி கெடுத்துட்டேன்," என்றாள். பஸ்ஸில் பானுப்ரியா எழுந்து இடம் கொடுத்தாள். அமலா உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கை தானாகப் போனை எடுத்தது. பக்கத்தில் நின்ற பானுப்ரியா அதைப் பார்த்தாள். அமலாவுக்குக் காது மடல் சுட்டது. ஆனாலும் போனை உள்ளே வைக்கவில்லை.

வலி குறையவே இல்லை.

ஒரு சாயங்காலம் ஜெயம் எண்ணெயைச் சூடு பண்ணி மகளின் கழுத்தில் தேய்த்தாள். வெயிலில் களை வெட்டிக் காய்த்த கை சொரசொரவென்று பிடரியில் ஏறி இறங்கியது.

"மன்னிச்சிக்கம்மா," என்றாள் ஜெயம். "அன்னிக்கி நீ வேணாம்னுதான் சொன்ன. நான்தான் கேக்கல."

இதுவரை அம்மா யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அமலா பார்த்ததில்லை. உடம்பு கூசியது. அம்மாவின் கையைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனாள். வலி தாங்காமல் எழுந்து போகிறாள் என்று ஜெயம் நினைத்துக்கொண்டாள்.

மறுபடியும் டாக்டரிடம் போன அன்று, கலையரசி கேட்பதற்கு முன்பே அமலா பேசிவிட்டாள்.

"மேடம், மூட்டையால இல்ல. போனு. கண்ணு முழிச்சதுலேர்ந்து தூங்குற வரைக்கும் குனிஞ்சி அதையேதான் பாத்துக்கினு இருக்கேன். அன்னிக்கே தெரியும். எங்க அம்மாவ நீங்க திட்டுனப்ப சும்மா இருந்துட்டேன்."

டாக்டர் ஜெயத்தின் பக்கம் திரும்பி, "நானும் சரியா விசாரிக்காம பேசிட்டேம்மா," என்றார்.

ஜெயம் அவரைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள். "அப்ப மூட்டையால இல்லியா?" என்று கேட்டாள். அமலா இல்லை என்று தலையாட்டினாள். ஜெயத்தின் முகத்தில் கோபத்தைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் அம்மா ஒரு பெருமூச்சு விட்டு, தொப்பென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் போல இருந்தாள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது என்று அமலாவுக்குத் தோன்றியது.

போனைக் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடிக்க வேண்டும், அதுவும் கொஞ்ச நேரம்தான், தினமும் கழுத்துக்குப் பயிற்சி செய்ய வேண்டும், சரியாக மாதக்கணக்கில் ஆகும் என்று டாக்டர் சொன்னார்.

ஊர் திரும்பும் பஸ் கூட்டேரிப்பட்டைத் தாண்டிய பிறகுதான் ஜெயத்துக்குக் கோபம் வந்தது.

"வேலைக்காட்டுல எல்லார்கிட்டயும் நான்தான் உன் கழுத்த ஒடிச்சேன்னு சொல்லிக்கினு இருக்கேன்," என்றாள் ஜெயம் ஜன்னலைப் பார்த்தபடி. "நெலத்துக்கார வெள்ளையம்மாகூட, பெத்தவளா நீன்னு கேட்டாங்க. கேட்டுக்கினேன். இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கினு போயி என்னான்னு சொல்றது?"

"நான் வந்து சொல்றேம்மா."

ஜெயம் டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் அமலா காலேஜுக்குப் போகும் உடையிலேயே வெள்ளையம்மாளின் நிலத்துக்குப் போனாள். வரிசையாக உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்த ஜெயமும் மற்ற பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். வரப்பில் நின்றிருந்த வெள்ளையம்மாளிடம், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அம்மா மேல தப்பில்லீங்க. நான் போனப் பாத்து பாத்துதான் கழுத்தக் கெடுத்துக்கினேன். டாக்டருகிட்ட பொய் சொன்னது நான்தாங்க."

யாரோ ஒருத்தி சிரித்தாள். இன்னொருத்தி, "எங்க வூட்லயும் ஒண்ணு இதே மாதிரிதான் கெடக்குது," என்றாள். வெள்ளையம்மாள் ஜெயத்தைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு, "சரி, வெயிலு ஏறுது, வேலையப் பாருங்க," என்று நடந்துவிட்டார்.

பெண்கள் மறுபடி குனிந்தார்கள். ஜெயம் மட்டும் குனியவே இல்லை. மண் ஒட்டிய கையோடு மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு போயிடப் போவுது. கெளம்பு," என்றாள்.