கலியமூர்த்தி தள்ளிய பந்தய வண்டி

கலியமூர்த்தியை யாராவது திட்டினால் அவனுக்குக் கோபம் வராது. இரண்டு மடங்காகத் திருப்பித் திட்டிவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொள்வான். ஆனால் "பாவம்" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவான். ஊரில் அந்த வார்த்தையை அவன் முகத்துக்கு நேராகச் சொன்ன ஆள் ஒருவன்தான். முதலியார்பேட்டையில் மோட்டார் பட்டறை வைத்திருந்த தனிஸ்லாஸ்.

கலியமூர்த்தி புஷ்வண்டி தள்ளுகிறவன். நம்ம புதுச்சேரி புஷ்வண்டியை முதன்முதலாகப் பார்க்கிற வெளியூர்க்காரன் வாயைப் பிளப்பான். மாடும் கிடையாது, குதிரையும் கிடையாது. சவாரிக்காரர் முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்ப, பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ளிக்கொண்டே ஓடுவான். இருபது வருஷமாக அதுதான் கலியமூர்த்தியின் பிழைப்பு. ஜட்ஜு முசியேவும் பத்திரம் எழுதுகிற நோட்டேர் வீட்டு அம்மாளும் அவன் வண்டி வந்தால்தான் ஏறுவோம் என்று காத்து நிற்பார்கள். தனிஸ்லாஸ் மட்டும் ஒரு நாளும் ஏறியதில்லை. மண்டை பிளக்கிற வெயிலிலும் நடந்தே போவான். கேட்டால், "மனுசன மனுசன் தள்ளறதாண்ணே? பாவம். எனக்கு மனசு வரல" என்பான்.

நல்ல மனசோடு சொன்னதுதான். அதனால்தான் கலியமூர்த்திக்கு இன்னும் எரிந்தது. "எவன் பாவம்? என் கால்ல இருக்கிற பலத்துல பாதி உங்கிட்ட இருக்குமா?" என்று ஒரு நாள் நடுத்தெருவில் கேட்டே விட்டான்.

அப்படிப்பட்ட தனிஸ்லாஸ், முப்பத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்த வாரத்தில், கலியமூர்த்தியைத் தேடிக்கொண்டு வந்து நின்றான்.

ஊரெல்லாம் பந்தயப் பேச்சாகக் கிடந்த சமயம் அது. அந்த வருஷத்து மோட்டார் சீசனின் முதல் ஓட்டம் புதுச்சேரித் தெருக்களில்தான். கலங்கரை விளக்கத்தடியில் கிளம்பித் தெற்கு புல்வார் என்கிற அகலச் சாலையில் திரும்பி, வாய்க்கால் ஓரமாகப் போய், வடக்கு புல்வார் வழியே குருசுக்குப்பத்து முனையில் வளைந்து, மறுபடி கடற்கரைச் சாலை. இருபது சுற்று. எல்லாம் ஒற்றை ஆள் வண்டிகள். கூரை இல்லை, மட்கார்டு இல்லை, நாலு சக்கரமும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஏழில் ஆறு, துரைமார்களும் ஜமீன் வீட்டுப் பிள்ளைகளும் கப்பலில் வரவழைத்தவை. ஏழாவது, தனிஸ்லாஸ் தன் பட்டறையிலேயே தட்டித் தட்டிச் செய்தது. நீளமூக்கும் ஒல்லி உடம்புமாக இருந்த அதற்கு ஊரார் வைத்த பேர் வெட்டுக்கிளி.

அதையும் சும்மா சேர்த்துக்கொள்ளவில்லை. பந்தயம் நடத்துகிற மோட்டார் கிளப்பின் காரியதரிசியான வெள்ளைக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். இந்த ஓட்டத்தை முடித்துக் கோட்டைத் தாண்டினால் சென்னப்பட்டணம், பெங்களூர், கொழும்பு மூன்று ஊர் ஓட்டத்திலும் வெட்டுக்கிளிக்கு இடம் உண்டு. நடுவில் நின்றுபோனால் இதோடு சரி, அடுத்த வருஷமும் வாசற்படி ஏறக் கூடாது.

"மத்த வண்டியெல்லாம் கம்பி போட்டுச் சுத்துனா கெளம்பிடும். என்னுது தள்ளுனாதான் கெளம்பும்ண்ணே. ஓட்டப்போறது நானு. என்னத் தவிர, பேரு குடுத்த ஒரே ஒரு ஆளுதான் வண்டியத் தொடலாமாம். அதுக்கு ரெண்டாளு பலம் வேணும்" என்றான் தனிஸ்லாஸ்.

"ஏன், இப்ப மட்டும் பாவமா இல்லியா?"

தனிஸ்லாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "வேற யாரு இருக்காங்க சொல்லு?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் கலியமூர்த்தி ஒப்புக்கொண்டான். இரண்டாள் பலத்தை ஊர் பார்க்கட்டுமே!

பந்தயத்தன்று அவன் புஜத்தில் ஏழாம் நம்பர் போட்ட துணிப்பட்டையைக் கட்டிவிட்டார்கள். நீலக் கால்சட்டை போட்டு நின்ற மற்ற மெக்கானிக்குகள் அவனுடைய வேட்டியையும் வெறுங்காலையும் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று மீசையை ஒதுக்கிக்கொண்டான். கொடி இறங்கியது. பத்தே எட்டு வைத்துத்தான் தள்ளினான், வெட்டுக்கிளி இருமிக்கொண்டு உயிர் பிடித்துப் பாய்ந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

ஆனால் கிளம்புவதற்கு முன் தனிஸ்லாஸ் சும்மா இருந்திருக்கலாம். "தள்ளிவுட்டதோட உன் வேல முடிஞ்சிதுண்ணே. இங்க வெயில்ல நிக்காத, நெழலாப் பாத்து ஒக்காரு, பாவம்" என்று சொல்லித் தொலைத்திருந்தான்.

கலியமூர்த்திக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. 'நிழலில் உட்கார நான் என்ன கிழவனா?' வண்டி கிளம்பியதும் விறுவிறுவென்று நடந்து குருசுக்குப்பத்து முனைக்கே போய்விட்டான். அங்கே வலைக்காரர்கள் கூட்டத்தில் அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சி இடம்பிடித்து நின்றிருந்தாள்.

"இன்னா, அதுக்குள்ள தொரத்திட்டாங்களா?" என்றாள்.

"நானேதான் வந்துட்டேன். அவனாச்சி, அவன் வண்டியாச்சி" என்றான்.

சொன்னானே ஒழிய, வெட்டுக்கிளி ஒவ்வொரு தடவை வளைவைத் தாண்டும்போதும் விரல் விட்டு எண்ணிக்கொண்டுதான் இருந்தான். எட்டாவது சுற்றில் ஒரு துரையின் வண்டி நின்றது. பதின்மூன்றில் இன்னொன்று வைக்கோல் கட்டில் முட்டிக்கொண்டது. மிச்சம் ஐந்தில் வெட்டுக்கிளி நாலாவது. குப்பமே எகிறிக் குதித்தது. நம்ம பட்டறைத் தகரம் கப்பலில் வந்த வண்டியை முந்திக்கொண்டு போகிறதென்றால் சும்மாவா! கலியமூர்த்திக்குக் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, தொண்டை கட்டுகிற மட்டும் கத்தினான்.

இருபதாவது சுற்று. வெட்டுக்கிளி வளைவுக்குள் நுழைந்தது. டமார் என்று ஒரு சத்தம். கறுப்பாய்ப் புகை. வண்டி உருண்டு வந்து, கடல் காற்று கொட்டி வைத்திருந்த மணலில் சக்கரம் புதைந்து நின்றது. அதே நேரம் தூரத்தில் கலங்கரை விளக்கத்தடியில் பேண்டு முழங்கியது. முதல் வண்டி கோட்டைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து பத்து நிமிஷம். அதற்குள் வராத வண்டி வராத வண்டிதான்.

தனிஸ்லாஸ் குதித்து இறங்கினான். என்ஜின் மூடியைத் திறந்து பார்த்தான். "உள்ள தண்டு ஒடஞ்சி போச்சி. முடிஞ்சிதுண்ணே" என்றான். ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு தானே தள்ளிப் பார்த்தான். வண்டி அசைந்து கொடுக்கவில்லை. நாலு வலைக்காரர்கள் உதவிக்குப் பாய்ந்தார்கள்.

"தொடாதீங்க! எவனாவது தொட்டீங்க, அவ்ளோதான், வண்டி போச்சி!" என்று கத்திக்கொண்டே கலியமூர்த்தி கூட்டத்தைப் பிளந்து வந்தான். பட்டை கட்டிய புஜத்தைத் தூக்கிக் காட்டினான். "ஏறு தம்பி."

"நானும் சேந்து தள்றேன்."

"அப்ப திருப்பறது யாரு, உங்கப்பனா? ஏறு!"

"முக்கா கிலோமீட்டருக்கு மேல இருக்குண்ணே. இந்தக் கனத்த ஒத்த ஆளா... பாவம்..."

"அந்த வார்த்தைய இன்னொரு தரம் சொன்ன, உன்னையும் வண்டியையும் சேத்துக் கடல்ல தள்ளிடுவேன். ஏர்றா!"

தனிஸ்லாஸ் ஏறினான். ஆயுசில் முதல்முறையாக, ஒரு மனுசன் தள்ளுகிற வண்டியில் உட்கார்ந்தான்.

கலியமூர்த்தி முதலில் தள்ளவில்லை. வண்டியை முன்னும் பின்னும் மூன்று தடவை ஆட்டினான். நாலாவது ஆட்டத்தில் தோளைக் கொடுத்து ஓர் உந்து. மணலை விட்டு வண்டி எழும்பியது. உருள ஆரம்பித்த வண்டியை நிற்க விடக் கூடாது, நின்றால் மறுபடி கிளப்ப மூன்று பங்கு பலம் போகும். இது புஷ்வண்டிக்காரனுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

"கைய இறுக்காத! நீ சும்மாச் சும்மா திருப்புனா எனக்குத்தான் பாரம். நேரா புடி!"

"புடிக்கிறேண்ணே!"

"கடல் பக்கம் பள்ளம் வருது. அத்ருவாத்! அத்ருவாத்!" வெள்ளைக்காரச் சவாரிகளுக்கு வலது பக்கம் என்று கத்திக் கத்திப் பழகின வாய், அவசரத்தில் அதுதான் வந்தது. தனிஸ்லாஸ் வலது பக்கம் ஒடித்தான். பள்ளம் தப்பியது. அந்தச் சாலையில் எந்த இடத்தில் கல் பெயர்ந்திருக்கிறது, எங்கே நடுமேடு, எங்கே ஓரச்சரிவு என்று கலியமூர்த்தியின் உள்ளங்காலுக்குத் தெரியும். சவாரிக்காரன் மாதிரி தனிஸ்லாசும் சொன்னபடி கேட்டான். வேறு வழி?

பாதி தூரத்தில் நாக்கு தள்ளியது. தொடை இரண்டும் நெருப்பாய் எரிந்தன. அஞ்சலாட்சி சாலையோரமாகவே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். "நிக்காதய்யா! நின்னுப்புடாத!" என்று அவள் போட்ட கூச்சல் பேண்டு சத்தத்தையும் மிஞ்சியது. கடலுக்குள் நீண்டு கிடக்கும் கப்பல்துறை இரும்புப் பாலத்தருகே புஷ்வண்டி ஸ்டாண்டு. அங்கே இருந்த அத்தனை பேரும் தங்கள் வண்டிகளின் மேல் ஏறி நின்று துண்டை வீசினார்கள். 'நம்மாளு, நம்மாளு' என்று அவர்கள் கத்தியது காதில் விழுந்தபோது கலியமூர்த்திக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபது வருஷமாகத் தள்ளுகிறான், ஒருத்தனாவது கை தட்டியிருப்பானா!

வெட்டுக்கிளியின் முன்சக்கரம் கோட்டைத் தாண்டியபோது காரியதரிசியின் கடிகாரத்தில் நாற்பது விநாடி மிச்சமிருந்தது.

இது மோட்டார் பந்தயமா, தள்ளுவண்டிப் பந்தயமா என்று ஒரு ஜமீன் பிள்ளை எகிறினான். காரியதரிசி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஓட்டுகிறவன் இடத்தில் இருந்தான். தொட்டது பேர் கொடுத்த ஆள் மட்டும். எங்கேயும் தப்பில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, நோட்டில் எழுதப் பேனாவை எடுத்தார். "கலியமூர்த்தி. மெக்கானிக்?"

கலியமூர்த்தி மூச்சு வாங்கியபடியே தலையை ஆட்டினான். "நோன், முசியே. நான் மெக்கானிக் இல்ல. புஷ்வண்டிக்காரன். அப்படியே எழுதச் சொல்லு தனிஸ்லாசு."

தனிஸ்லாஸ் சொன்னான். காரியதரிசியும் அப்படியே எழுதினார்.

கூட்டம் கலைந்ததும் செத்த என்ஜினோடு வண்டி பட்டறைக்குப் போயாக வேண்டும். கலியமூர்த்தி எழுந்து பின்னால் போனான். தனிஸ்லாஸ் குறுக்கே வந்து நின்றான்.

"முன்னாடி ஏறுண்ணே. நான் தள்றேன்."

"எனக்குத் திருப்பத் தெரியாதே."

"நான் சொல்றேன். ஏறு."

கலியமூர்த்தி ஏறி உட்கார்ந்தான். இத்தனை வருஷமாக முன்னால் உட்கார்ந்தவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறான். இப்போது ஊர் நேராக முகத்துக்கு எதிரே வந்தது. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதலியார்பேட்டைக்கு நேர்வழி இருக்க, வேண்டுமென்றே வண்டியைப் பெரிய கடைத்தெருவுக்குள் திருப்பினான். நாலு பேர் பார்க்கட்டும்.

"இதுல போனா சுத்துண்ணே" என்று பின்னாலிருந்து மூச்சிரைத்தான் தனிஸ்லாஸ். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மூச்சு வாங்குதா? பாவம்பா நீ" என்றான் கலியமூர்த்தி.

"யாரு பாவம்?" தனிஸ்லாசுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நான் ஒண்ணும் பாவமில்ல. என்னால தள்ள முடியும். நீ நேரா புடி!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தள்ளுவதை நிறுத்தாமலே, "அண்ணே..." என்றான்.

"ஆங். இனிமே சொல்ல மாட்ட, தெரியும்" என்றான் கலியமூர்த்தி. "இப்பக் கைய நம்பாத. தோளக் குடுத்துத் தள்ளு."