சாமுவேல் கையைப் பின்னால் கட்டிக்கொண்ட கதை

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் கை குவித்து நின்றபோது, எனக்கு முன் வரிசையில் ஒருவர் மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். தலை குனிந்திருந்தது, உதடு ஜெபித்தது, கைகள் மட்டும் முன்னால் வரவில்லை. அடுத்தவர் ஜெபத்தை வேடிக்கை பார்ப்பது அழகில்லைதான். பார்த்தேன். வெளியே வந்ததும் அவர் மனைவி மெர்சியிடம் கேட்டும்விட்டேன். மெர்சி சொன்ன பாதிதான் இது.

2

முதல் தொடக்கம்: ‘கோவையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் சாமுவேல் ஒரு…’

வேண்டாம். துப்பாக்கி என்றதும் நீங்கள் சினிமா பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். சாமுவேலின் கடைக்கு வந்ததெல்லாம் காட்டோரத்து விவசாயிகளின் ஒற்றைக்குழல் துப்பாக்கிகளும், ரைபிள் கிளப் பிள்ளைகளின் போட்டித் துப்பாக்கிகளும்தான்.

இரண்டாம் தொடக்கம்: ‘மத்திய அரசு ஆயுத விதிகளைத் திருத்தியபோது…’

இது செய்தித்தாள். ஆனால் இது இல்லாமல் கதையும் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனிக்கும் சாமுவேலின் ஒற்றை ஆள் கடைக்கும் ஒரே விதி. உரிமத்தைப் புதுப்பிக்க இரும்புக் கதவு கேட்டார்கள், போட்டார். கேமரா கேட்டார்கள், வேலை செய்யும் மேசைக்கு நேர் மேலே மாட்டினார். பிறகு கோப்பு விளக்கம் கேட்டு டெல்லிக்குப் போனது. போனது போனதுதான். பழைய உரிமம் காலாவதியாகிவிட்டது. புதியது வரும்வரை எந்தத் துப்பாக்கியில் கை வைத்தாலும் குற்றம், ஜெயில்.

அன்றைக்கு அந்த மேசையில் மாசாணம் என்ற விவசாயியின் துப்பாக்கி கழற்றிப் போட்டபடி கிடந்தது.

(இங்கே ஜோவிதா என்று ஒரு கல்லூரிப் பெண் இருந்தாள். அவளுடைய போட்டித் துப்பாக்கியும் கடையில் மாட்டிக்கொண்டது. மாநிலப் போட்டி போயே போய்விட்டது. அவள் அழுததை ஒரு பக்கம் எழுதினேன். மாசாணம் வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவளுக்கு நான் செய்ததும் நியாயமில்லை.)

3

மாசாணத்துக்குத் தொண்டாமுத்தூர்ப் பக்கம், மலையடிவாரத்தில் கொஞ்சம் மக்காச்சோளம். யானை இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். மனைவி மாரியாத்தாள் பக்கத்தில் டார்ச் பிடித்து நிற்பாள். துப்பாக்கிக்கு வந்த கோளாறு இதுதான்: தோட்டாவை அடிக்கும் குதிரையைப் பின்னால் இழுத்துவைத்தால், விசையைத் தொடாமலே விழுந்துவிடுகிறது. குழல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் வெடிக்கும்.

திங்கட்கிழமை ஸ்டேஷனில் துப்பாக்கியைக் காட்டாவிட்டால் மாசாணத்தின் உரிமமும் ரத்து. சாக்குப்பையில் பாகங்களை அள்ளிக்கொண்டு போனால் செல்லாது. முழுத் துப்பாக்கியாக வேண்டும்.

(வேறு கடை இல்லையா என்பீர்கள். ஒன்று இருந்தது. இதே காரணத்தால் போன வருடம் மூடிவிட்டார்கள்.)

4

“ஏனுங்ணா, நீங்க தொட்டாத்தானுங்க தப்பு? வாயில சொல்லுங்க, நான் மாட்டிப்போடறேன்” என்றார் மாசாணம்.

சாமுவேல் தலைக்கு மேலிருந்த கேமராவைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒவ்வொன்றாகச் சொன்னார். மாசாணமும் தட்டுத் தடுமாறி ஒவ்வொன்றாக மாட்டினார். மேசையில் ஒரு முழுத் துப்பாக்கி இருந்தது. இருவரும் சிரித்தார்கள் என்று மெர்சி சொன்னார்.

மாசாணம் குதிரையை இழுத்துப் பார்த்தார். அந்தச் சத்தத்திலேயே சாமுவேலுக்குத் தெரிந்துவிட்டது. பழைய கோளாறு அப்படியே இருந்தது. கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தியபடி திருகை முடுக்க வேண்டும். எந்த இடம், எவ்வளவு அழுத்தம் என்பதை அவர் விரல் அறியும். வாயால் சொல்ல வரவில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்தார். மாசாணமும் முடுக்கி முடுக்கிப் பார்த்தார்.

“ஸ்டேஷன்ல காட்டுங்க. தோட்டா மட்டும் போட்டுப்போடாதீங்க, மாசாணம். குதிரை நிக்கலைங்க.”

“ஆனை சோளத்துல நிக்கறப்ப இதையெல்லாம் யோசிச்சுட்டு இருப்பனுங்களா?” என்று கேட்டுவிட்டு, மாசாணம் துப்பாக்கியைப் பையில் வைத்தார்.

5

முடிவு அ: கரண்ட் போகிறது, கேமரா அணைகிறது, சாமுவேல் சட்டென்று… இல்லை. கேமராவுக்கு பேட்டரியும் வைக்கச் சொல்லியிருந்தார்கள், வைத்திருந்தார்.

முடிவு ஆ: அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் புது உரிமத்தைக் கொண்டுவருகிறார். எழுதிவிட்டு நானே சிரித்துவிட்டேன்.

முடிவு இ: ‘சாமுவேல் கையை நீட்டினார்.’ இந்த ஒரு வரியைத்தான் பலமுறை எழுதி அடித்தேன். நீட்டியிருந்தால் ஜெயில், மெர்சி தனியாள். ஆனாலும் நீட்டட்டும் என்றுதான் என் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

மெர்சி இங்கேதான் நிறுத்தினார். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“சோறு திங்கறப்பக் கூட எடது கையை முன்னாடி கொண்டாரமாட்டீங்கறாருங்க” என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி உங்கள் பாடு. மாசாணம் பையை மொபெட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு உரிமம் தேவையில்லை, கேமராவும் உங்களைப் பார்க்கவில்லை. அவரைக் கூப்பிடுங்கள். சாமுவேலின் கட்டைவிரலைப் பிடித்து அந்த இடத்தில் வையுங்கள். நான் குறுக்கே வரமாட்டேன். மாரியாத்தாள் நிற்கும் இடத்தையாவது கொஞ்சம் தள்ளி எழுதுங்கள்.

ஆனால் எப்படி முடித்தாலும், அதற்குப் பின் வந்த ஞாயிறன்று சாமுவேல் கோயிலில் எப்படி நின்றார் என்பதை உங்களால் மாற்ற முடியாது. அதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன்.