இரண்டு மல்லாட்டை

மேடையேற இரண்டு நிமிடம் இருக்கும்போது என் மனைவி ஸ்டெல்லாமேரி என்னிடம் கையை நீட்டி மல்லாட்டை கேட்டாள். ஓடு உடைக்காத வேர்க்கடலை, கைக்கு ஒன்று. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டால்தான் அவளுக்குக் கை உடம்போடு ஒட்டி நிற்கும்.

அயர்லாந்து நடனத்தில் கைக்கு வேலையில்லை. எல்லாம் கால்தான், இடுப்புக்கு மேலே ஆள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல நிற்க வேண்டும். டப்ளினில் நர்ஸாக இருந்து திரும்பிய மெரின், முத்தியால்பேட்டையில் நாலு பெண்களைச் சேர்த்து இதைக் கற்றுக்கொடுத்தாள். மற்ற மூவருக்கும் கால்தான் தகராறு. ஸ்டெல்லாவுக்குக் கை. தக்காளி விலை சொல்வதற்கே இரண்டு கையையும் தூக்குகிறவள். போன கிறிஸ்துமஸுக்கு சர்ச்சை ஒட்டிய இதே பங்கு மண்டபத்தில், வேகம் ஏறியதும் தன்னையறியாமல் கைதட்டிக் கும்மியடித்துவிட்டாள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன், அதுதான் நான் செய்த தப்பு. அன்றிலிருந்து பூசைக்குப் போனால்கூட “கும்மி மேரி வராங்க” என்றார்கள். அந்தப் பேரை அழிக்க ஒரு வருஷம், லாடம் அடித்த கறுப்பு ஷூவோடு மாடியில் குதித்தாள். கீழ்வீட்டு அன்னக்கிளி அக்கா வீட்டைக் காலி பண்ணுவதாக இரண்டு முறை சொல்லிவிட்டார்.

பாட்டு ஆரம்பித்தது. நாலு பேரும் டகடகவென்று இறங்கினார்கள். காலை நான் பார்க்கவேயில்லை, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதியில் மைக் கரகரத்தது. “சிறப்பு விருந்தினர் முத்துவேல் ஐயா இன்னொரு விழாவுக்குப் போகணும். அதனால இப்பவே பொன்னாடை போர்த்தறாரு. ஆட்டம் அது பாட்டுக்கு நடக்கட்டும்.”

ஜவுளிக்கடை முதலாளியான முத்துவேல் வெள்ளை வேட்டியில் மேடையேறி, முன்னால் ஆடிய ஸ்டெல்லாவின் தோளில் சால்வையைப் போர்த்தினார். பொன்னாடை போர்த்தினால் கும்பிட வேண்டும். கும்பிட்டால் கை மேலே போக வேண்டும்.

“கும்பிடுங்கம்மா, போட்டோ எடுக்கணும்” என்றார் கேமராக்காரர்.

அவள் கும்பிடவில்லை. வாயெல்லாம் பல்லாக, சால்வையோடு இடப்பக்கம் குதித்தாள். படத்தை விட மனசில்லாமல் முத்துவேலும் இடப்பக்கம் நகர்ந்தார். அவள் வலப்பக்கம் வந்தாள், அவரும் வந்தார். மூன்றாவது தடவை வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரே ஒரு குதி குதித்தார். மண்டபம் விசிலடித்தது. பாட்டு முடியும்வரை அவர் இறங்கவில்லை. அந்த இன்னொரு விழா என்னவாயிற்றோ தெரியாது. ஸ்டெல்லாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. கை மட்டும் அசையவேயில்லை.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவள் என் தோளைப் பிடிக்கவில்லை.

“பிடிச்சிக்கோ, விழுந்துடப் போற.”

“கை இருக்கிறதே மறந்துபோச்சுங்க.”

சிக்னலில் நின்றோம். பின்னாலிருந்து ஓடு உடையும் சத்தம் கேட்டது. கடலையை என் வாயில் திணித்தாள்.

“போன வருஷம் சிரிச்சீங்கல்ல. மெல்லுங்க.”

வேர்வையில் உப்புக் கரித்தது. பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். இன்னொன்றை அவள் உடைக்காமல், கையை மறுபடி மூடித் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.